மார்கழி மழையை மறந்துவிட வேண்டாம்

"கர்ணனுக்குப் பிறகு கொடையும் இல்லை; கார்த்திகைக்குப் பிறகு மழையும் இல்லை" என்பது பழமொழி. இளையரசனேந்தல் வட்டாரக் கரிசல் நிலங்களில் புரட்டாசிக் கடைசியில் விதைக்கும் உளுந்தும் பாசிப்பயறும் மார்கழி முதல் பாதியில் முற்றுகின்றன. இனி மழை இருக்காது என்ற தைரியத்தில்தான் அறுவடைக்கு இறங்குகிறோம். இந்தத் தைரியத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

2023 டிசம்பர் தொடக்கத்தில் 'மிக்ஜாம்' புயல் சென்னையை வெள்ளத்தில் மூழ்கடித்துவிட்டு, 5-ம் தேதி ஆந்திராவில் பாபட்லா அருகே கரை கடந்தது. நமக்கு ஆபத்து நீங்கியது என்று எண்ணினோம். மார்கழி முதல் தேதி, அதாவது டிசம்பர் 17-ல் பிடித்த மழை, மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., கோவில்பட்டியில் 53 செ.மீ. பெய்தது. அது புயல் அல்ல. குமரிக் கடல் பக்கம் நிலவிய வெறும் காற்றுச் சுழற்சி. அதற்குப் பெயர்கூடக் கிடையாது.

இதன் காரணத்தை உழவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. ஐப்பசியில் வங்கக் கடலின் நடுப்பகுதி நன்கு சூடாக இருக்கும். அப்போது உருவாகும் சின்னங்கள் பெரும்பாலும் வட தமிழகம், ஆந்திரா பக்கம் போகும். சூரியன் தெற்கே நகர நகர, வடக்கே கடல் குளிர்ந்து, வறண்ட வாடைக்காற்று இறங்குகிறது. ஆகவே கார்த்திகைக் கடைசியிலும் மார்கழியிலும் காற்றழுத்தத் தாழ்வுகள் இலங்கைக்குத் தென்கிழக்கே பிறந்து, இலங்கையையோ குமரிக் கடலையோ ஒட்டி மேற்கே நகர்வது உண்டு. தனுஷ்கோடியை அழித்த 1964-ம் ஆண்டுப் புயலும் டிசம்பர் 22, 23-ல் இலங்கையைக் கடந்து வந்ததுதான். 2017 நவம்பர் கடைசியில் 'ஒக்கி' குமரி முனைக்கு அருகிலேயே புயலாக வலுப்பெற்றது. 2020-ல் 'புரெவி' மன்னார் வளைகுடாவில் நகராமல் நின்றுவிட்டது.

எனவே வானிலை அறிக்கையில் "புயல்" என்ற சொல்லுக்காகக் காத்திருக்க வேண்டாம். "இலங்கை அருகே", "குமரிக் கடல்", "மன்னார் வளைகுடா" என்ற சொற்கள் வந்தாலே நம் காட்டுக்கு எச்சரிக்கை என்று கொள்ளுங்கள்.

முன்பருவ விதைப்பைக் கைவிடச் சொல்லவில்லை. பிந்தி விதைத்தால் தையில் ஈரம் போதாது. ஆனால் காடு முழுவதும் ஒரே நாளில் ஒரே பயறை விதைக்காதீர்கள். ஒரு பகுதியில் பருத்தியோ சோளமோ இருக்கட்டும். பயறில் ஒரே சமயத்தில் முற்றும் இரகங்களைத் தேர்ந்தெடுங்கள். மழைக்குறி தெரிந்தால் முற்றிய நெற்றுகளை மட்டுமாவது பறித்துவிடுங்கள். நனைந்த நெற்று செடியிலேயே முளைத்துவிடும். தண்ணீர் தேங்காமல் வடிகால் எடுத்துப் பண்ணைக்குட்டையில் சேர்த்தால், பின்னால் பருத்திக்கு உதவும். பயிர்க் காப்பீடு செய்தவர்கள், அறுத்துக் காயப்போட்ட பயிர் 14 நாட்களுக்குள் மழையில் சேதமானால், 72 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். துறைமுகத்திற்குக் கூண்டு ஏற்றுகிறோம். மீனவர்களைக் கடலுக்குப் போகாதே என்கிறோம். மானாவாரி விவசாயிக்கோ பறித்த பயறைக் கொட்ட இடமில்லை, தார்ச்சாலையில்தான் காயப்போடுகிறார். கூரையுடன் கூடிய உலர்களம் ஊருக்கு ஒன்று அமைத்தால், மார்கழியில் மழை வந்தாலும் அவரது ஒரு வருட உழைப்பு வீடு வந்து சேரும்.