விதை மாறலாம், மண்ணின் கணக்கு மாறாது

2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மத்திய அரசு, மரபணு மாற்றிய சோயாவின் புண்ணாக்கை 12 லட்சம் டன் வரை இறக்குமதி செய்ய அனுமதி அளித்தது. கோழித் தீவனத்தின் விலையேற்றமே அதற்குக் காரணம். அது முதல், "அவ்விதையையே நாமும் விதைத்தால் என்ன?" என்னும் கேள்வி சங்கக் கூட்டங்களில் எழக் காண்கிறோம். நம் நாட்டில் அவ்விதைக்குச் சாகுபடி அனுமதி இல்லை. அனுமதிக்கலாமா, கூடாதா என்பதை ஈண்டு நாம் ஆராயப் புகவில்லை. விதையைப் பற்றி வாதிடுவோர் இரு சாராரும் மண்ணை மறந்துவிடுகின்றனர் என்பதே நமது கவலை.

1996இல் அமெரிக்காவில் பயிரிடத் தொடங்கிய அவ்விதையின் சிறப்பு யாது? கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியைத் தெளித்தால் களை மடியும், பயிர் மடியாது. களையெடுக்கும் கூலி மிச்சமாகும். இது சிறிய நன்மையன்று. ஆயினும், மண்ணில் இல்லாத சத்தை எந்த விதையும் உண்டாக்கிவிடாது. விளைச்சல் மிகுந்தால், மண்ணிலிருந்து வெளியேறும் சத்தும் மிகும்.

அச்சத்துக்களுள் பலரும் எண்ணிப் பாராதது கந்தகம். சோயா மணியின் எடையில் நூற்றுக்குச் சுமார் 40 பங்கு புரதம். அப்புரதத்தில் அடங்கிய மெதியோனின், சிஸ்டீன் ஆகிய இரண்டும் கந்தகமின்றி உருவாக மாட்டா. காற்றிலுள்ள தழைச்சத்தை வேர் முடிச்சுகள் ஈர்ப்பதற்கும் கந்தகம் வேண்டும். அது குறைந்தால் இளம் இலைகள் முதலில் வெளுக்கும். தழைச்சத்துக் குறைவில் முதிர்ந்த இலைகளே முதலில் வெளுக்கும். இவ்வேற்றுமை அறியாதார் யூரியாவைக் கொட்டிப் பணத்தை இழப்பர். கந்தகக் குறைவால் மணியின் புரதமும் தரம் தாழும். தீவனத்தில் மெதியோனினைத் தனியே வாங்கிக் கலக்கும் கோழிப் பண்ணையாளர் இதன் பொருளை நன்கு அறிவர்.

முன்பு இல்லாத இக்குறை இன்று ஏன் வந்தது? அமெரிக்காவில் ஆலைப் புகையிலிருந்த கந்தகம் மழையோடு வயலில் இறங்கி வந்தது. 1990இல் காற்றுத் தூய்மைச் சட்டம் திருத்தப்பட்ட பின்னர் அவ்வரவு குறைந்தது. நம் நாட்டிலோ, சூப்பர் பாஸ்பேட்டின் இடத்தை டி.ஏ.பி. பிடித்துக்கொண்டது. முன்னதில் நூற்றுக்கு 11 பங்கு கந்தகம் உண்டு. பின்னதில் சிறிதும் இல்லை.

கணக்கைப் பாருங்கள். இந்தூரிலுள்ள சோயா ஆராய்ச்சி நிறுவனம் மத்திய இந்தியப் பகுதிக்கு எக்டருக்கு 60 கிலோ மணிச்சத்தும் 20 கிலோ கந்தகமும் பரிந்துரைக்கிறது. ஏக்கருக்கு அவை முறையே 24 கிலோ, 8 கிலோ. 50 கிலோ டி.ஏ.பி. மூட்டை ஒன்று 23 கிலோ மணிச்சத்துத் தரும், கந்தகம் தராது. சூப்பர் பாஸ்பேட் மூன்று மூட்டை 24 கிலோ மணிச்சத்துடன் சுமார் 16 கிலோ கந்தகமும் தரும். டி.ஏ.பி.யில் கிடைக்கும் தழைச்சத்தை ஈடுசெய்ய 20 கிலோ யூரியா போதும்.

ஒரு மூட்டைக்குப் பதில் மூன்று மூட்டை சுமப்பதா என்று வினவுவோர் உளர். வண்டிக் கூலி கூடும் என்பது உண்மையே. ஆனால் அக்கூலி கண்ணுக்குத் தெரியும்; குறைந்த மகசூலோ எந்தப் பேரேட்டிலும் பதிவாவதில்லை. நாம் பார்வையிட்ட ஒரு சங்கத்தில் விதைப்புக் காலத்தில் சூப்பர் பாஸ்பேட் இருப்பே இல்லை. கேட்டு வந்த அங்கத்தினர்கள் டி.ஏ.பி.யை வாங்கித் திரும்பினர். அது அவர்களுடைய அறியாமையன்று, சங்கத்தின் குறையே.

நம் பக்கத்து நிலக்கடலை விவசாயிகளுக்கு இப்பாடம் புதிதன்று. ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. அதில் சுண்ணாம்புச் சத்தும் கந்தகமும் ஒருங்கே கிடைக்கின்றன. எனினும் எல்லா நிலத்துக்கும் கந்தகம் வேண்டுமென்று நாம் கூறவில்லை. 2015இல் தொடங்கிய மண்வள அட்டையின் 12 அளவைகளுள் கந்தகமும் ஒன்று. அதைப் பார்த்தே இட வேண்டும்.

ஆகவே சங்க நிர்வாகிகளுக்கு நமது வேண்டுகோள் மூன்று. விதைப்புக்கு முன்னரே சூப்பர் பாஸ்பேட்டும் ஜிப்சமும் கிடங்கில் இருக்கட்டும். பயிர்க்கடனின் உரப் பகுதியில் ஜிப்சத்துக்கும் இடம் அளியுங்கள். கடன் மனுவோடு மண்வள அட்டையையும் கேட்டு வாங்குங்கள்.

பாவில் இழை குறைந்தால் ஊடையை எவ்வளவு அடித்தாலும் துணி அகலம் கூடாது என்பதை நெசவாளர் அறிவர். மண்ணில் குறைந்ததை விதையால் ஈடுசெய்ய முடியாதென்பதை உழவரும் உணர்வாராக.