பழகிவிடும் காய்ச்சலா?

"நாலு தடவை காய்ச்சல் கண்டால் பிள்ளைக்கு உடம்பு பழகிவிடும்" என்று சொல்வோர் இன்றும் நம்மிடையே உண்டு. மலேரியாவைப் பொறுத்தமட்டில் இதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைத் தொழிலாளர் ஒவ்வொருவரும் அறிந்துகொள்வது அவசியம்.

தாயின் உடலிலிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி பச்சிளங் குழந்தையை முதற்சில மாதங்கள் காக்கிறது. அது கரைந்த பிறகுதான் பிள்ளையின் சொந்தப் போராட்டம் தொடங்குகிறது. கொசு கடித்து உள்ளே புகுந்த கிருமி ஈரலில் பெருகி, பின்னர் இரத்தத்தின் சிவப்பு அணுக்களுக்குள் குடியேறுகிறது. கொடிய வகை மலேரியாக் கிருமி, தான் குடியிருக்கும் அணுவின் மேல் ஒருவிதப் பசைச் சட்டையை மாட்டிவிடுகிறது. பிள்ளையின் உடல் அந்தச் சட்டையை அடையாளம் கண்டு தாக்கத் தொடங்குமுன் கிருமி வேறு சட்டைக்கு மாறிவிடுகிறது. ஒரே கிருமியிடம் இப்படிச் சுமார் 60 சட்டைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் பிள்ளையின் உடல் தனித்தனியே கற்றாக வேண்டும். உயிரைக் குடிக்கும் கடுமையான நோயிலிருந்து காக்கும் சக்தி முதலில் வரும். காய்ச்சலே எழாமல் அடக்கும் சக்தி வரப் பல ஆண்டுகள் பிடிக்கும். அப்போதும் கிருமி அடியோடு ஒழிவதில்லை.

இந்தப் படிப்புக்குக் கட்டணம் என்ன? 2023ஆம் ஆண்டில் உலகில் மலேரியாவுக்குப் பலியானோர் ஏறத்தாழ 6 லட்சம் பேர். பெரும்பாலோர் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவர்கள். அங்கே மாண்டவர்களில் நாலில் மூன்று பங்கு 5 வயது நிரம்பாத குழந்தைகள். 'பழகிவிட்டது' என்று நாம் சுட்டிக்காட்டும் பெரியவர் உயிர் தப்பிய பிள்ளை. தப்பாத பிள்ளைகள் நம் கண்ணில் படுவதில்லை.

பழகிய உடம்பில் இருப்பது என்ன என்பதை 1961இல் காம்பியா நாட்டில் கண்டார்கள். கோஹன், மக்ரெகர் ஆகிய விஞ்ஞானிகளும் அவர்களுடைய தோழர்களும் அந்நாட்டுப் பெரியவர்களின் இரத்தத்திலிருந்து எதிர்ப்புப் புரதத்தைப் பிரித்தெடுத்து, நோயுற்ற குழந்தைகளுக்கு ஊசி மூலம் ஏற்றினார்கள். குழந்தைகளின் இரத்தத்தில் கிருமிகள் மளமளவென்று குறைந்தன. இயற்கை ஆண்டுக்கணக்கில் வதைத்துக் கொடுப்பதை மனிதர் கையாலும் கொடுக்க முடியும் என்பதற்கு அது ஒரு சான்று. 2021இலும் 2023இலும் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த இரு தடுப்பு மருந்துகள் இன்று ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு 5 மாத வயதளவில் தொடங்கிப் போடப்படுகின்றன. வேறு வழியில் செய்யப்பட்டவை அவை, பாதுகாப்பும் முழுமையானதன்று. ஆயினும் பல உயிர்களைக் காக்கின்றன.

நம் மலாயாவுக்கு வருவோம். 1901இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன், தோட்டத்தில் மலேரியா எவ்வளவு என்று அறிய லயத்துப் பிள்ளைகளின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். கிருமி ஏறிய அணுக்களை வடிகட்டி அழிக்கும் மண்ணீரல், ஓயாத வேலையால் இடது விலாவுக்குக் கீழே வீங்கி நிற்கும். காய்ச்சல் கட்டி என்று நம் பாட்டிமார் சொன்னது அதைத்தான். எத்தனை பிள்ளைகளுக்குக் கட்டி இருக்கிறது என்பதே அந்தத் தோட்டத்தின் மலேரியாக் கணக்காயிற்று. காட்டை அழித்து ரப்பர் நட்டவர்களின் லாபக் கணக்கில் அந்த வீக்கம் ஏறியதா என்று கேட்க அப்போது சங்கம் இல்லை.

பின்னும் ஒரு விந்தை நடந்தது. 1950இல் கம்பாலா நகரில் மலேரியா நிபுணர்கள் கூடியபோது, கொசுவை ஒழித்தால் ஆப்பிரிக்கர் தாமாகப் பெற்ற எதிர்ப்புச் சக்தி போய்விடுமே, ஆகவே தலையிடாதிருப்பது நல்லது என்று சிலர் வாதாடினர். படித்தவர்கள்தாம், கெட்ட எண்ணமும் இருந்திராது. ஆனால் அந்தச் சக்திக்காகச் சாக வேண்டியவை யார் வீட்டுப் பிள்ளைகள்? நல்ல வேளையாக, நோயின் அளவு எதுவாயினும் மலேரியாவைக் கட்டுப்படுத்தவே வேண்டும் என்று அம்மாநாடு முடிவு செய்தது.

எதிர்ப்புச் சக்தி கரையும் என்பதில் மட்டும் அவர்கள் சொன்னது சரி. தொற்று நின்று சில ஆண்டுகளில் அது தேய்ந்துவிடுகிறது. 2018 முதல் மலேசியாவில் மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசு பரப்பும் மலேரியா, உள்நாட்டில் தொற்றியதாக ஆண்டுக்கணக்கில் பதிவாகவில்லை. அது பெரிய வெற்றி. அதே சமயம், இன்று தோட்டத்தில் வளரும் பிள்ளைக்கோ அதன் தகப்பனுக்கோ அந்தப் பழைய கவசம் துளியும் இல்லை என்பதும் அதன் பொருள்.

இந்த வேளையில்தான் குரங்கு மலேரியா தலைதூக்கியுள்ளது. 1965இல் பகாங் காட்டில் தங்கிய ஓர் அமெரிக்கரிடம் முதன்முதலாக அறியப்பட்டு, 2004இல் சரவாக்கின் காப்பிட்டில் பலரிடம் கண்டறியப்பட்ட நோய் இது. சபா, சரவாக்கில் அதிகம், தீபகற்பத்திலும் உண்டு. காட்டோரத்தில் வேலை செய்யும் ஆண்களே பெரும்பாலும் அகப்படுகிறார்கள். இக்கிருமி 24 மணிக்கொரு முறை பெருகுவதால் இரண்டு நாள் தாமதமும் பெருந்தாமதம். மேற்சொன்ன தடுப்பு மருந்துகள் இதற்கானவை அல்ல.

ஆகவே காட்டோரத் தோட்டங்களில் காய்ச்சல் என்று வரும் ஒவ்வொருவருக்கும், பெரியவரானாலும் பிள்ளையானாலும், அன்றைக்கே இரத்தப் பரிசோதனை நடக்க வேண்டும். மலேரியா மிகுந்த நாடுகளிலிருந்து வரும் தொழிலாளத் தோழர்கள், உடம்பு பழகியிருப்பதால், காய்ச்சலின்றியே கிருமியைச் சுமந்திருக்கக்கூடும். அவர்களை விரட்டாமல், பயமுறுத்தாமல் பரிசோதித்து மருந்து கொடுக்க வேண்டும். கிராணிமார்கள் செக்ரோலில் 'ஆப்சென்ட்' என்று எழுதுமுன் காய்ச்சலா என்று கேட்டறிந்து கிளினிக்குக்குச் சீட்டுக் கொடுக்கட்டும். ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்பவரானாலும் சரி, அந்த ஒரு நாளுக்குரிய சம்பளத்தை வெட்டக் கூடாது என்று நிர்வாகங்களைக் கேட்கிறோம்.