உப்பிட்ட நாட்டின் மொழி

"நான்கு ஆண்டுகள் இருந்துவிட்டு வரப்போகிறவனுக்கு அந்த நாட்டு மொழி எதற்கு?" என்று கேட்கும் பெரியவர்கள் நம் சமுதாயத்தில் பெருகிவிட்டார்கள். படிப்பை முன்னிட்டும் பிழைப்பை முன்னிட்டும் போலந்து நாட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்களில் இது இன்று ஒரு கேள்வியாகக்கூட இல்லை. முடிந்த முடிவாகவே பேசப்படுகிறது. விமானச் சீட்டுக்கும் இடைத்தரகருக்கும் இலட்சக்கணக்கில் எண்ணிக் கொடுக்கிற கை, மொழியாசிரியருக்குச் சில ஆயிரம் கொடுக்கும்போது மட்டும் சுருங்கிக்கொள்கிறது. இதனைச் சிக்கனம் என்று பாராட்ட நாம் ஆயத்தமாக இல்லை. இது அலட்சியம், அதன் விலையைச் செலுத்துவோர் அனுப்பியவர்கள் அல்லர், அனுப்பப்பட்ட பிள்ளைகள்.

மொழி வேண்டாம் என்போர் மூன்று காரணங்களைச் சொல்லுகின்றனர். ஆங்கிலம் போதும் என்பது முதலாவது. போலிஷ் மொழி கற்க முடியாத கடுமொழி என்பது இரண்டாவது. அந்நியரின் மொழியில் ஊறினால் மார்க்கம் கரைந்துபோகும் என்பது மூன்றாவது. இம்மூன்றையும் ஒவ்வொன்றாக உரைகல்லில் இட்டுப் பார்ப்போம்.

ஆங்கிலம் பல்கலைக்கழக வகுப்பறையில் போதும். பன்னாட்டு நிறுவனத்தின் அலுவலகத்திலும் போதும். ஆனால் மனிதன் வகுப்பறையிலும் அலுவலகத்திலும் மட்டுமா வாழ்கிறான்? போலந்தின் அரசமைப்புச் சட்டம் தன் 27ஆவது பிரிவில் போலிஷையே ஆட்சிமொழி என்று வகுத்துள்ளது. தங்கும் அனுமதி அட்டை கோரி மாகாண ஆளுநரின் அலுவலகத்தில் கொடுக்கும் விண்ணப்பம் போலிஷில்தான் இருக்கவேண்டும். நம் ஊரிலிருந்து கொண்டுபோன பிறப்புச் சான்றிதழும் நிக்காஹ் சான்றிதழும், உறுதிமொழி ஏற்ற மொழிபெயர்ப்பாளரின் முத்திரை பெற்ற பிறகே அங்கு ஏற்கப்படும். 'பெஸெல்' என்னும் பதினோரு இலக்க அடையாள எண், குடியிருப்புப் பதிவு, மருத்துவமனைச் சீட்டு, வீட்டு வாடகை ஒப்பந்தம் ஆகிய அனைத்தும் அம்மொழியிலேயே நடக்கின்றன.

கூலிக்குச் செல்லும் பிள்ளைக்கு இது இன்னும் கூர்மையான வாள். அந்நாட்டில் வேலை ஒப்பந்தங்கள் ஒரே வகையின அல்ல. 'உமோவா ஓ பிராத்சே' என்பது தொழிலாளர் சட்டத்துக்கு உட்பட்ட பணி ஒப்பந்தம். முழுநேரப் பணியாளருக்கு ஆண்டுக்கு 20 அல்லது 26 நாள் ஊதியத்துடன் கூடிய விடுப்பை அது உறுதி செய்கிறது. 'உமோவா ஸ்லெத்சேனியா' என்பது உரிமையியல் சட்டத்தின்கீழ் வரும் பணிப்பொறுப்பு ஒப்பந்தம். அந்த விடுப்புரிமை அதில் தானாக வந்துவிடாது. தலைப்பில் உள்ள ஒரு சொல்லைப் படிக்கத் தெரியாமல் கையெழுத்திட்டவன், நோயுற்றுக் கிடக்கும் நாளில்தான் தான் எதில் கையெழுத்திட்டோம் என்பதை அறிகிறான். "ஆங்கிலம் போதும்" என்று ஊரில் அமர்ந்து தீர்ப்புச் சொன்ன பெரியவர் அந்நாளில் அவனுக்குத் துணை வருவாரா?

ஆங்கிலக் காதோடு போலிஷைக் கேட்பவன் அடையும் குழப்பத்துக்கு ஒரு சிறு சான்று காட்டுவோம். போலிஷ் பேசுவோர் இசைவு தெரிவிக்கும்போது பேச்சுவழக்கில் "நோ" என்பார்கள். நம் "ஆமாம்" போன்றது அது. ஆங்கிலம் மட்டும் அறிந்தவனோ, தன்னை மறுத்துவிட்டதாக எண்ணி முகம் சுளித்துத் திரும்புகிறான். உணவகத்தில் பணத்தை நீட்டி "ஜென்குயே", அதாவது "நன்றி", என்று சொன்னால், மீதியை நீரே வைத்துக்கொள்ளும் என்று பொருள்படும். நன்றி சொன்னவன் மீதிச் சில்லறை வராததைக் கண்டு ஏமாற்றப்பட்டோம் என்று குமுறுகிறான். இங்கே ஏமாற்றியவர் எவருமில்லை. ஒரு சொல்லின் வழக்கு தெரியவில்லை, அவ்வளவே. இத்தகைய சிறு பிணக்குகள் நாளுக்கு இரண்டாகச் சேர்ந்து, ஓராண்டில் ஒரு நாட்டின் மீதே வெறுப்பாக முற்றிவிடுகின்றன.

மார்க்கப் பேணுதல் உள்ளவர்களிடம் இன்னும் அழுத்தமாகக் கேட்போம். பன்றி இறைச்சி அந்நாட்டின் அன்றாட உணவு. 'வியெப்ஷோவினா' என்றால் பன்றி இறைச்சி. 'வொவோவினா' என்றால் மாட்டிறைச்சி. 'ஸ்மாலெத்ஸ்' என்பது பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு. உருளைக்கிழங்கும் தயிர்ப்பாலாடையும் வைத்துச் செய்யும் 'பியெரோகி' என்னும் கொழுக்கட்டை, சைவம் என்று நம்பத் தக்கதே. ஆயினும் அதன்மேல் பொரித்த பன்றிக் கொழுப்புத் துண்டுகளைத் தூவித் தரும் வழக்கமும் உண்டு. இவற்றைப் படித்தறியவும் கேட்டறியவும் மொழி வேண்டாமா? ஹலாலும் ஹராமும் ஒரு பொட்டலத்தின் பின்புறத்தில் போலிஷ் எழுத்தில் அச்சாகியிருக்கும்போது, அம்மொழியைக் கற்காதிருப்பது எவ்வகைப் பேணுதல்?

தொழுகையையும் எண்ணிப் பாருங்கள். வார்சா நகரில் டிசம்பர் மாதக் கடைசியில் பிற்பகல் மூன்றரை மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடுகிறது. லுஹரும் அஸரும் மஃரிபும் ஒரே வேலை நேரத்துக்குள் அடுத்தடுத்து வந்து நிற்கின்றன. மேற்பார்வையாளரிடம் பத்து நிமிடம் இடைவேளை கேட்க வேண்டும். அதன் காரணத்தை அவர் மனங்கொள்ளும் வண்ணம் எடுத்துரைக்க வேண்டும். ஜூன் மாதத்திலோ இரவு ஒன்பது மணிக்குத்தான் சூரியன் மறைகிறது. இஷா வெகுநேரம் கழித்தே வருகிறது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அமைதி காப்பது அங்கே ஊன்றிய வழக்கம். அந்நேரத்தில் பத்துப் பேர் கூடித் தொழுது, படிக்கட்டில் உரக்கப் பேசிக் கலைந்தால், அண்டை வீட்டார் வெறுப்பது நம் தொழுகையையா, நம் கூச்சலையா? முன்கூட்டியே கதவைத் தட்டி அவர் மொழியில் நான்கு சொற்கள் பேசியிருந்தால் அந்த வெறுப்புக்கே இடமிருந்திருக்காது.

இனி இரண்டாவது காரணத்துக்கு வருவோம். போலிஷ் கடினமான மொழியே, மறுப்பதற்கில்லை. பெயர்ச்சொல் ஏழு வேற்றுமைகளில் உருமாறும். மூன்று பால்கள் உண்டு. மெய்யெழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டு நிற்கும். ஆனால் வேற்றுமையைக் கண்டு அஞ்சவேண்டியவர் ஆங்கிலேயர், தமிழர் அல்லர். எட்டு வேற்றுமைகளைப் பள்ளிப் பருவத்திலேயே ஒப்பித்தவர்கள் நாம். நம் இலக்கணத்தில் விளி வேற்றுமை கடைசியில் நிற்பது போலவே, அவர்களுடைய இலக்கணத்திலும் ஏழாவதாகக் கடைசியில் நிற்பது விளி வேற்றுமைதான். 'அன்னா' என்ற பெண்ணை அழைக்கும்போது 'அன்னோ' என்று அவர்கள் விளிப்பதைக் கேட்டால், நம் வீட்டுத் திண்ணை இலக்கணம் நினைவுக்கு வரவில்லையா? மூத்தவரை "நீ" என்று ஒருமையில் பேசுவது நமக்கு எவ்வளவு கூசுமோ, அவ்வளவு அவர்களுக்கும் கூசும். ஆண்மகனை 'பான்' என்றும் பெண்மணியை 'பானி' என்றும் மதிப்புச் சொல் சேர்த்துப் படர்க்கையில் பேசுவதே அங்கு மரியாதை. சிறு கடைக்குள் நுழைந்தாலும் மருத்துவரின் காத்திருப்பு அறைக்குள் நுழைந்தாலும் "ஜேன் தோப்ரி" என்று முகமன் கூறுவது அவர்கள் பண்பு. ஸலாத்தை முந்திச் சொல்வதில் நன்மை தேடும் சமுதாயத்துக்கு, முகமன் கூறுவதையுமா கற்றுக்கொடுக்க வேண்டும்?

மூன்றாவது காரணமே நம்மை மிகவும் வருத்துவது. அந்நிய மொழியால் மார்க்கம் கரைந்துபோகும் என்கிறார்கள். இதற்கு மறுமொழி கூற நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. அந்தப் போலந்து மண்ணிலேயே அறுநூறு ஆண்டுகளாக மறுமொழி நின்றுகொண்டிருக்கிறது. 1410ஆம் ஆண்டு குருன்வால்ட் போரில், போலந்து-லித்துவேனியப் படைகளின் பக்கம் நின்று முஸ்லிம் தார்த்தாரியர் போரிட்டனர். 1679ஆம் ஆண்டில் மன்னர் மூன்றாம் யான் சோபியெஸ்கி அவர்தம் படைப்பணிக்கு ஈடாகப் பொத்லாசியே வட்டாரத்தில் நிலம் வழங்கினார். குருஷினியானி, பொஹோனிக்கி என்னும் சிற்றூர்களில் மரத்தால் கட்டிய பள்ளிவாசல்களும் அவற்றின் மையவாடிகளும் இன்றும் உள்ளன. 1925இல் முஸ்லிம் சமய ஒன்றியம் நிறுவப்பட்டு, யாகுப் ஷின்கியேவிச் முஃப்தியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1936ஆம் ஆண்டில் அவ்வொன்றியத்துக்கும் அரசுக்கும் உள்ள உறவைப் போலந்து நாடாளுமன்றம் தனிச்சட்டமாகவே வகுத்தது.

இந்தத் தார்த்தாரியர் இழந்தது என்ன, காத்தது என்ன? தம் முன்னோரின் துருக்கிய மொழியை அவர்கள் சில தலைமுறைகளிலேயே இழந்தார்கள். போலிஷும் பெலாருஸ் மொழியும் அவர்தம் வீட்டுமொழிகளாயின. ஆனால் கலிமா அவர்களை விட்டு அகலவில்லை. புதிய மொழியை அரபு எழுத்தில் எழுதி, மார்க்க நூல்களைப் படைத்தார்கள். அந்நூல்களுக்கு அவர்கள் இட்ட பெயர் 'கிதாப்'; துஆக்களின் தொகுப்புக்கு இட்ட பெயர் 'ஹமாயில்'. அண்டை அயலாரின் மொழி, அருள்மறையின் எழுத்து. இதைக் கேட்டதும் நம் சமுதாயத்தார் உள்ளத்தில் ஒன்று மின்னவில்லையா? அரபுத் தமிழ் என்று நாம் பெருமை பேசுவது இதையேயன்றோ! காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நம் ஆலிம்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதிச் சமுதாயத்தின் பெண்மக்களுக்கும் மார்க்கத்தை எட்டச்செய்த அதே வழியை, நம்மை ஒருபோதும் கண்டிராத ஒரு சமுதாயம் பனிபடர்ந்த காட்டோரத்தில் தானாகவே கண்டுகொண்டது.

நம் வரலாறே இதற்குச் சான்றாக இருக்க, மொழியால் மார்க்கம் அழியும் என்று நம்மில் ஒருவர் சொல்வது எவ்வளவு விந்தை! அரபு வணிகர்கள் தமிழைக் கற்க மறுத்திருந்தால் சீறாப்புராணம் ஏது? உமறுப்புலவர் ஏது? கடல்கடந்து மலாய் நாட்டுக்குச் சென்ற நம்மவர் மலாயைக் கற்றார்கள். அவர்தம் வழித்தோன்றல்கள் 1876இல் சிங்கப்பூரிலிருந்து 'ஜாவி பெரானாக்கான்' என்ற முதல் மலாய்ச் செய்தித்தாளையே வெளியிட்டார்கள். மொழிகளின் வேற்றுமையை இறைவன் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாக அர்-ரூம் அத்தியாயத்தில் எண்ணிக் காட்டுகிறான். யூதர்களின் எழுத்தைக் கற்றுவருமாறு ஸைது இப்னு தாபித் (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்களே பணித்தார்கள். இதற்கு மேலும் ஆதாரம் கேட்போருக்கு நாம் என்ன சொல்வது?

நாம் சொல்வதைத் திரித்துக்கொள்ள வேண்டாம். மொழியைக் கற்பது வேறு. மது மேசையில் உடன் அமர்வது வேறு. அறிய வேண்டியதை அறிந்தவனே விலக வேண்டியதை மரியாதையோடு விலக முடியும். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்; நவம்பர் முதல் நாள் நாடே மையவாடிகளுக்குச் சென்று விளக்கேற்றும்; டிசம்பர் 24 இரவு விருந்தில் இறைச்சி இராது, எதிர்பாராத விருந்தினருக்காக ஓர் இருக்கை காலியாக விடப்படும். இவற்றின் பொருளை அறிவதால் நம் ஈமானுக்குக் குறைவில்லை. அறியாமல் ஏளனம் செய்வதால் நம் பண்புக்கே குறைவு.

மொழி கற்றவனுக்கு எல்லாக் கதவும் திறந்துவிடும் என்றும் நாம் சொல்லவில்லை. நிறத்தைக் கண்டு வெறுப்பவன், நல்ல போலிஷைக் கேட்டும் வெறுப்பான். ஆனால் அநீதியை எதிர்த்து நிற்பதற்கும் மொழி வேண்டும். 2013ஆம் ஆண்டு சனவரி முதல், சமய முறைப்படி விலங்குகளை அறுப்பது அங்கே தடைப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் அதை மீண்டும் அனுமதிக்கும் மசோதாவை நாடாளுமன்றம் தள்ளிவிட்டது. 2014 டிசம்பர் 10 அன்று அரசமைப்புத் தீர்ப்பாயம் அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பளித்தது. வழக்கைத் தொடுத்தது யூத சமயச் சமூகங்களின் ஒன்றியம். பயன் முஸ்லிம்களுக்கும் கிட்டியது. அந்த உரிமை அந்நாட்டின் மொழியில், அந்நாட்டின் சட்டத்தை எடுத்துக்காட்டி வாதிட்டுப் பெறப்பட்டது. அறைக்குள் அமர்ந்து ஆங்கிலத்தில் புலம்பியவர் எவரும் அதைப் பெற்றுத்தரவில்லை.

இறுதியாகப் பெண்மக்களைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க மனம் ஒப்பவில்லை. கணவனைத் தொடர்ந்து செல்லும் நம் பெண்களுக்கு எவரும் மொழி கற்பிப்பதில்லை. அவன் வேலைக்குப் போய்விட்டால், நான்கு சுவரும் கைத்தொலைபேசியுமே அவளுக்கு உலகம். பிள்ளை பள்ளிக்குச் சென்று ஈராண்டில் போலிஷைச் சரளமாகப் பேசுகிறது. பிறகு என்ன நடக்கிறது? தாயின் நோயை மருத்துவரிடம் எட்டு வயதுப் பிள்ளை மொழிபெயர்க்கிறது. பிள்ளை அறியக் கூடாததை அறிகிறது. தாய் சொல்ல வேண்டியதை வெட்கத்தால் சொல்லாமல் விடுகிறாள். ஆசிரியர் தாயைப் பார்த்துப் பேசுவதில்லை. பிள்ளையைப் பார்த்தே பேசுகிறார். வீட்டின் அதிகாரம் சிறுபிள்ளை கைக்கு மாறுகிறது. பிள்ளைகள் பெற்றோர் சொல் கேட்பதில்லை என்று பின்னர் அழுது பயனென்ன? மார்க்கம் கரைவது மொழி கற்ற வீட்டில் அன்று. தாய் ஊமையாக்கப்பட்ட வீட்டில்தான்.

ஆகவே மஹல்லா ஜமாஅத்துகளுக்கும் பெற்றோருக்கும் நாம் வைக்கும் வேண்டுகோள் இதுவே. பிள்ளைக்கு நுழைவுச் சீட்டு வாங்கும் நாளிலேயே மொழியாசிரியரையும் தேடுங்கள். மருமகளுக்கு நகை வாங்கும் பணத்தில் ஒரு பங்கை அவளுடைய மொழிக்கல்விக்கு ஒதுக்குங்கள். புறப்படுமுன் ஆறு திங்கள், நாளுக்கு ஒரு மணிநேரம் போதும். படிவத்தைப் படிக்கவும், பொட்டலத்தைப் பார்த்து வாங்கவும், அண்டை வீட்டாருக்கு முகமன் கூறவும் வந்துவிடும். குடியுரிமையோ நீண்டகாலத் தங்கலுரிமையோ கோரும் நாளில் சட்டமே மொழிச் சான்றிதழைக் கேட்கும், அதுவரை காத்திருப்பானேன்?

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் வீடுகளில் வழங்கும் முதுமொழி. ஒரு நாட்டின் உப்பைத் தின்றுகொண்டு, உப்புக்கு அவர்கள் இட்ட பெயரைக்கூட அறியாமல் வாழ்வது நமக்கு அழகன்று. அந்தப் பெயர் 'சூல்'. இன்றைக்கு இந்த ஒரு சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள், நாளைக்கு இன்னொன்று. இன்ஷா அல்லாஹ், மொழி வந்துவிடும்.