ஷட்டருக்கும் ஒரு நாள் ஒதுக்குவோம்



எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை முத்திரை வைக்க வேண்டும் என்பதை நாம் மறப்பதில்லை. தேதி தப்பினால் அபராதம் வரும் என்று காலண்டரில் வட்டம் போட்டு வைக்கிறோம். உணவுப் பாதுகாப்பு உரிமம், தொழில் வரி, கடை வாடகை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி இருக்கிறது. ஆனால் காலையில் நாம் முதலில் கை வைப்பதும் இரவில் கடைசியாகக் கை எடுப்பதும் எதில்? ஷட்டரில். அதற்கு மட்டும் தேதி கிடையாது. ஆயுத பூஜையன்று சந்தனம், குங்குமம் வைத்து மாலை போடுகிறோம். ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறோமா என்றால் இல்லை.

காலையில் திறந்து, மதியச் சாப்பாட்டுக்கு இறக்கி, மறுபடி ஏற்றி, இரவில் பூட்டுகிற கடையில் ஷட்டர் நாளொன்றுக்கு 4 தடவை ஓடுகிறது. ஆண்டில் 350 நாள் கடை திறந்தால் 1,400 தடவை. பத்தடி அகலம், எட்டடி உயரமுள்ள இரும்பு ஷட்டர் 25 கிலோ அரிசிச் சிப்பம் மூன்றின் எடைக்குக் குறையாது. அத்தனை கனத்தை ஒற்றை ஆள் கொக்கிக் கம்பியால் தூக்கிவிட முடிகிறதென்றால், அது நம் தோள் பலம் அல்ல. மேலே குழாயைச் சுற்றியுள்ள ஸ்பிரிங்கின் பலம். ஷட்டரை இறக்கும்போது ஸ்பிரிங் முறுக்கேறுகிறது. ஏற்றும்போது அந்த முறுக்குத்தான் பாரத்தை வாங்கிக் கொள்கிறது. அகலமான ஷட்டர்களில் இரண்டு மூன்று ஸ்பிரிங் இருக்கும். ஒன்று உடைந்தாலும் கடை திறக்கும். கொஞ்சம் கனக்கும், அவ்வளவுதான். அந்தக் 'கொஞ்சம் கனக்கும்' என்பதில்தான் நாம் ஏமாந்து போகிறோம்.

ஏமாந்தவர்களில் நாமும் ஒருவர் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். நம் கடையில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கும் உதவியாளர், "அண்ணாச்சி, ஷட்டர் ரொம்பக் கனக்குது, ஆளைக் கூப்பிட்டுப் பாத்துருவோமா?" என்று மார்கழியிலேயே கேட்டார். பொங்கல் வியாபாரம் முடியட்டும் என்றோம். பொங்கலும் முடிந்தது, மாசியும் வந்தது. ஷட்டர் மேலே நிற்காமல் வழுக்கியதால், அதன் அடியில் ஒரு சவுக்குக் கட்டையை முட்டுக் கொடுத்து வியாபாரம் செய்து கொண்டிருந்தோம். ஒரு நாள் காலை அவர் குனிந்து படியைப் பெருக்கும்போது கட்டை சரிந்தது. அடித்தகடு அவருடைய வலது கையில் விழுந்து இரண்டு விரல் முறிந்தது. மருத்துவச் செலவையும் அந்த நாட்களின் சம்பளத்தையும் நாம் கொடுத்தோம், அது கடமை. ஆனால் பொட்டலம் மடிப்பதில் இந்தத் தெருவிலேயே அவரை மிஞ்ச ஆள் இல்லை. இன்று மோதிர விரல் முழுதாக மடங்குவதில்லை. அதற்கு எந்தக் கணக்கில் செலவு எழுதுவது?

ஆகவே முதல் வேண்டுகோள்: நாளைக் காலையே ஒரு சோதனை செய்யுங்கள். அடியில் யாரும் இல்லாதபடி பார்த்துக் கொண்டு ஷட்டரை இடுப்பளவுக்கு ஏற்றி, மெதுவாகப் பிடியைத் தளர்த்துங்கள். சரியான ஷட்டர் ஏறக்குறைய அங்கேயே நிற்கும். கடகடவென்று இறங்கினால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது அல்லது ஒன்று உடைந்துவிட்டது என்று பொருள். விர்ரென்று மேலே ஓடினாலும் கோளாறுதான், முறுக்கு அதிகம். இரண்டில் எதுவானாலும் ஷட்டர் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். நாமே ஏணி வைத்து ஏறுவதோ, பக்கத்து வெல்டிங் பட்டறைப் பையனை ஏற்றுவதோ கூடாது. முறுக்கேறிய ஸ்பிரிங் கைதவறி விடுபட்டால் கையோடு போகாது.

மற்றது நம் மளிகைக்காரர்களுக்கே உரிய குற்றம். துணிக்கடை ஷட்டருக்கும் நம் ஷட்டருக்கும் ஆயுள் ஒன்றல்ல. கல் உப்பு மூட்டையை யாரும் திருடமாட்டார்கள் என்று வாசலிலேயே, அதுவும் ஷட்டரை ஒட்டியே போட்டு வைப்பது நம் பழக்கம். மழைக்காலத்தில் அது கசிந்து ஓடுகிற இடம் எது என்று குனிந்து பாருங்கள். அடித்தகடும், இருபுறச் சேனலின் கடைசி ஒரு சாணும் அரித்திருக்கும். காலையில் வாசல் தெளிக்கிற தண்ணீரும் அங்கேதான் விழுகிறது. கடலோர ஊர்களில் உப்புக்காற்று வேறு. மூட்டையை இரண்டடி தள்ளிப் பலகை மேல் வைக்க ஒரு காசு செலவில்லை.

சேனலில் கிரீஸ் அப்புவதும் வேண்டாம். புதிதில் வழுவழுவென்று ஓடும். பிறகு மாவுத்தூள், மிளகாய்த்தூள், வெல்லப் பிசுக்கு, தெருப்புழுதி எல்லாம் அதில் ஒட்டி ஒரு மாதத்தில் களிம்பாகிவிடும். அதற்குப் பிறகு காலால் உதைத்துத்தான் ஷட்டரை இறக்க வேண்டியிருக்கும். உதைத்தால் பட்டை வளையும். கம்பி பிரஷ்ஷால் சேனலைச் சுரண்டி, துணியால் துடைத்து, லேசாக மெஷின் எண்ணெய் தடவினால் போதும். மாதம் ஒரு முறை, பத்து நிமிட வேலை.

பூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் எவ்வளவு கெட்டியான பூட்டு வாங்கினாலும் அது தொங்குவது அடித்தகட்டு வளையத்தில். வளையம் துருப்பிடித்திருந்தால் திருடன் பூட்டைத் தொடவே வேண்டாம். இருபுறம் மட்டும் பூட்டுகிற அகலமான ஷட்டரை நடுவில் நெம்பித் தூக்கிவிடலாம் என்பதால் நடுப்பூட்டும் அவசியம்.

விளம்பரப் பலகைக்குப் போகிற ஒயர் ஷட்டரில் உரசுகிறதா என்று பாருங்கள். மழை நாளில் இரும்பு முழுவதும் மின்சாரம் பாயும். மோட்டார் ஷட்டர் போட்டிருப்பவர்கள், கரண்ட் இல்லாதபோது கையால் திறக்கும் முறையைக் கடையிலுள்ள எல்லோருக்கும் பழக்கி வையுங்கள்.

இனி, யார் செலவு என்ற பழைய வழக்கு. "ஷட்டர் கட்டடத்தைச் சேர்ந்தது, உரிமையாளர் பார்க்கட்டும்" என்கிறோம் நாம். "தினமும் இழுப்பது நீர்தானே" என்கிறார் அவர். இந்த வழக்கு நடக்கும்போதே ஸ்பிரிங் உடைந்துவிடுகிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் ஒப்பந்தத்தை எழுத்தில் செய்யச் சொல்கிறது. புதுப்பிக்கும்போது அதில் ஒரு வரி சேருங்கள்: ஸ்பிரிங், பட்டை மாற்றுவது உரிமையாளர், துடைப்பது, எண்ணெய், பூட்டு நம்முடையது. இதுவே நியாயமான பங்கு என்பது நம் கருத்து. உரிமையாளர் ஒப்பவில்லையென்றால் மெக்கானிக் கூலியை நாமே கொடுத்துவிட்டுப் பிறகு பேசலாம்; ஷட்டருக்கு அடியில் நிற்பது நம் ஆட்கள்.

மெக்கானிக் வருவதில்லை, வந்தால் அதிகம் கேட்கிறார் என்ற குறையும் உண்டு. ஒரு கடைக்கு வருவதென்றால் அவருக்கும் அரை நாள் கூலி போகிறது. தெருவுக்கு இருபது கடை சேர்ந்து ஒரே நாளில் கூப்பிட்டால் பேச்சே வேறாக இருக்கும். மே 5 வணிகர் தினத்தன்று எப்படியும் கடைகளை அடைத்துவிடுகிறோம். மாநாட்டுக்குப் போகாதவர்கள் அன்று காலையைக் கொடுத்தால், மழைக்காலத்துக்கு முன்பே வேலை முடிந்துவிடும். புதிதாக ஷட்டர் போடுகிறவர்களுக்கு இரும்பு ஷட்டருக்கான ஐ.எஸ். 6248 என்ற இந்தியத் தர நிர்ணயம் இருப்பதையும், தகட்டின் கனத்தை ரசீதில் எழுதி வாங்க வேண்டும் என்பதையும் சங்கமே சொல்லித் தரலாம்.

இதை அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டு வருகிறோம். சேர விரும்பும் உறுப்பினர்கள் கடை எண், ஷட்டரின் அகலம், உயரம், போட்டு எத்தனை ஆண்டு ஆயிற்று என்ற விவரங்களைத் தெருப் பிரதிநிதியிடம் எழுதிக் கொடுக்கவும். சோதனையில் இறங்கி ஓடிய ஷட்டர் உள்ளவர்கள் மே மாதம் வரை காத்திருக்க வேண்டாம்.