அந்த 'நம்ம ஆளு' யாரு?

எங்கள் பகுதிக் கல்லூரி ஒன்றில் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஓய்வு பெறுகிறார். அடுத்து யார்? "நம்ம ஆளு ஒருத்தர் இருக்காரு" என்று அதற்குள் பேச்சு கிளம்பிவிட்டது. அந்த 'நம்ம'வுக்குள் சேரி இருக்கிறதா?

விளையாட்டில் சாதி பார்ப்பதில்லையாம். பல்வங்கர் பாலு 1911-ல் இங்கிலாந்து போய் 100 விக்கெட்டுக்கு மேல் சாய்த்தவர். பூனா மைதானத்தில் அவருக்குத் தேநீர் கொடுத்தது வெளியே, தனி மண் குவளையில். பந்து வேண்டும், தலைமை மட்டும் தரமாட்டார்கள். கடைசிவரை இந்து அணிக்கு அவரைக் கேப்டனாக நியமிக்கவில்லை. தம்பி விட்டலுக்கு அது கிடைக்கவே 1923 ஆனது.

தோழர்களே, பயிற்சியாளர் வெறும் விசில் ஊதுபவர் அல்ல. யார் ஆடுவது, யார் பெஞ்சில் உட்காருவது, யார் பெயர் பல்கலைக்கழகத் தேர்வுக்குப் போவது என்பதெல்லாம் அவர் கையில். தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. பெஞ்சில் உட்கார்ந்தவனுக்குச் சான்றிதழ் வராது. சான்றிதழ் இல்லாதவனுக்கு அந்த வேலையும் வராது.

2011 கணக்கெடுப்பின்படி அன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் நூற்றுக்கு 29 பேர் பட்டியல் சாதியினர். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் படிக்கும் மாணவர்கள் கேட்க வேண்டியது சலுகை அல்ல, கணக்கு. பணியிடத்தை வெளிப்படையாக அறிவி. இனச்சுழற்சிப் பட்டியலைக் காட்டு. தேர்வுக் குழுவில் தலித் பேராசிரியரை உட்கார வை. அணித் தேர்வு மதிப்பெண்ணை அறிவிப்புப் பலகையில் ஒட்டு.

திறமைதான் அளவுகோல் என்றால், அதைக் காட்ட என்ன பயம்?

ஜெய்பீம்.