பைப் பெருத்தால் பவர் பெருகுமா?

சைலன்சர் பைப்பை அகலமாக்கினால் கார் பறக்கும் என்று நம்பும் தம்பிகளே, முதலில் ஒரு கணக்கு. 2 இன்ச் பைப்பை 2.5 இன்ச் ஆக்கினால் புகை போகும் பரப்பு 56 சதவீதம் கூடிவிடும். அகன்ற ஆற்றில் தண்ணீர் மெதுவாகப் போவதுபோல், புகையின் வேகமும் தளரும்.

வேகமாக ஓடும் புகைதான் சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த வேகம் குறைந்தால் குறைந்த ஆர்.பி.எம்.மில் இழுவை விழும். திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டுமே, அங்கே கைகொடுப்பது இந்த இழுவைதான்! அகல பைப்பின் பலன், இன்ஜின் உச்ச வேகத்தில் சுழலும்போதுதான் தெரியும். அதற்குக் கோவை கரி டிராக் மாதிரி இடம் வேண்டும். டர்போ கார் மட்டும் விதிவிலக்கு. டர்போவுக்குப் பின்னால் தடை எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு நல்லது.

பர்ஸையும் பாருங்கள். அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டும்கூட வரலாம். சத்தம் வரம்பு மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் தனி.

வண்டி மந்தமாக இருந்தால் ஏர் ஃபில்டரும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் அடைத்திருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பைப்பை அறுப்பதைப் பிறகு யோசிக்கலாம்.