ஒரு செமஸ்டர்... ஒரு குட்டைத் தக்காளி!

இந்த வாரம் உங்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 90 நாள் வேலை. ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது. தினமும் காலையில எழுந்து தண்ணி பார்க்கணும், வெயில் பார்க்கணும், பூச்சி பார்க்கணும். கடைசியில கைக்கு வர்ற வருமானம் நாலரை ரூபாய். செய்வீங்களா?

'போங்க பாஸ், அந்த நேரத்துல ரெண்டு அரியரை க்ளியர் பண்ணலாம்'னு நீங்க முணுமுணுக்கறது இங்கே கேட்குது. ஆனா நான் செஞ்சேன். உங்களையும் செய்ய வைக்கத்தான் இந்த வாரப் பக்கம்!

மேட்டர் இதுதான்... குட்டை ரக செர்ரி தக்காளி. விதை போட்டு, தொட்டியில வளர்த்து, பறிச்சுத் தின்கிற வரைக்கும் எல்லாமே ஹாஸ்டல் ஜன்னல் ஓரத்திலேயே முடிஞ்சுடும். சாதாரண செர்ரி தக்காளியை நம்பி வெச்சீங்கன்னா, கொடி மாதிரி ஆறடிக்கு மேல ஏறி மேல்மாடி சீனியர் ரூமை எட்டிப் பார்க்கும். குட்டை ரகம் அப்படி இல்லை. ஒரு அளவோட 'போதும்டா சாமி'ன்னு நின்னு பூத்துக் காய்ச்சிடும்.

'மைக்ரோ டாம்'னு ஒரு ரகம். அமெரிக்காவில் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் 1989-ல் வெளியிட்டது. உயரம் ஏறக்குறைய அரை அடி. உங்க பேனாவை நிமிர்த்தி வெச்சா எவ்வளவோ அவ்வளவுதான்! வீட்டு அலங்காரத்துக்குன்னு வந்த செடி. சீக்கிரமா வளர்ந்து சீக்கிரமா காய்க்கிறதைப் பார்த்த விஞ்ஞானிகள் இதை லேபுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. மருத்துவ ஆராய்ச்சியில வெள்ளை எலிக்கு என்ன மரியாதையோ, தக்காளி ஆராய்ச்சியில மைக்ரோ டாமுக்கு அந்த மரியாதை.

'டைனி டிம்' இதுக்கு சூப்பர் சீனியர். நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்திலிருந்து 1945-ல் வந்தது. ஒண்ணு, ஒன்றரை அடி வளரும். 'ரெட் ராபின்' ஒரு அடி உயரம்... ஆனா விண்வெளிக்கே போய் வந்த பார்ட்டி! சர்வதேச விண்வெளி நிலையத்தில் நாசா நடத்தின 'வெஜ்-05' சோதனையில வளர்த்தது இதைத்தான்.

அங்கே ஒரு காமெடியும் நடந்தது. ஃப்ராங்க் ரூபியோ என்கிற வீரர், நிலையத்தில் விளைஞ்ச தக்காளியில ஒண்ணைத் தொலைச்சுட்டார். 'நீதானே தின்னுட்டே'ன்னு ஒரே ஓட்டல். பாவம், மனுஷன் 2023 செப்டம்பரில் பூமிக்கே திரும்பிட்டார். டிசம்பரில் 'தக்காளி கிடைச்சிருச்சு, ரூபியோ நிரபராதி'ன்னு மேலே இருந்தவங்க அறிவிச்சாங்க. எங்க ஹாஸ்டல்ல காணாமப் போன என் முறுக்கு டப்பா மட்டும் இன்னும் கிடைக்கலை!

சரி, நம்ம கதைக்கு வருவோம். நான் படிச்சது கோவையில். ஹாஸ்டல் மூணாவது மாடி, கிழக்கு பார்த்த ஜன்னல். ஒரு பாக்கெட் விதை வாங்கி, ஆர்வக் கோளாறுல பார்சல் பிரியாணி டப்பாவில் மண்ணைக் கொட்டி, அத்தனை விதையையும் தூவி, காலை, மதியம், ராத்திரி மூணு வேளையும் தண்ணி ஊத்தினேன். ஆறாம் நாள் முளைச்சது. ஒன்பதாம் நாள் மொத்த நாத்தும் அடித்தண்டு நூலாட்டம் இளைச்சு, அப்படியே சாஞ்சிருச்சு.

டப்பாவைக் குப்பையில போடப் போனப்போ கேட்ல நின்ன வாட்ச்மேன் அண்ணன் வாங்கிப் பார்த்தார். கிணத்துக்கடவு பக்கத்துக்காரர். ஒரே கேள்விதான் கேட்டார்...

"ஏங்கண்ணு, நீ தக்காளி வெச்சியா, நெல்லு நட்டியா?"

அன்னிக்கு ஆரம்பிச்சது எனக்கு நிஜமான க்ளாஸ். அவர் சொல்லிக் கொடுத்ததையும், நான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதையும் சேர்த்துத் தர்றேன். நோட்ஸ் எடுத்துக்கோங்க!

எப்போ? செமஸ்டர் எக்ஸாம் முடிஞ்சு பெருமழையும் ஓயற டிசம்பர் முதல் வாரம். தக்காளிக்கு ராத்திரி குளிர்ச்சி வேணும். வெயில் கொளுத்த ஆரம்பிச்சா பூ காய் பிடிக்காம உதிர்ந்துடும். டிசம்பரில் போட்டா ஜனவரியில பூ, பிப்ரவரி கடைசியிலிருந்து பழம். அடுத்த செமஸ்டருக்கு முன்னாடி ஆட்டம் க்ளோஸ்!

எந்த விதை? பாக்கெட்ல வெறும் 'செர்ரி டொமேட்டோ'ன்னு இருந்தா வாங்காதீங்க. 'ட்வார்ஃப்' இல்லேன்னா 'மைக்ரோ'ன்னு இருக்கணும். செடி உயரம் போட்டிருக்கான்னும் பாருங்க.

எதுல வைக்கிறது? மைக்ரோ டாமுக்கு ரெண்டு லிட்டர் டப்பா தாராளம். டைனி டிம்முக்கு நாலஞ்சு லிட்டர் வேணும். அதுக்குத்தான் ஆண்டவன் பக்கெட் பிரியாணியைப் படைச்சான்! எதுவா இருந்தாலும் அடியில நாலஞ்சு ஓட்டை கட்டாயம். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலை வெட்டி வைக்கிறவங்க வெளியே பேப்பர் சுத்திடுங்க. வெளிச்சம் பட்டா உள்ளே பாசி பிடிக்கும், வேருக்கு ஆகாது.

மண்? செம்மண், மண்புழு உரம், தேங்காய் நார்க்கழிவு மூணும் சம அளவு. நார்க்கழிவைக் கடையில 'கோகோபீட்'னு கேளுங்க. அதை ரெண்டு தடவை தண்ணியில ஊற வெச்சுப் பிழிஞ்சு கலந்தா உப்பு போயிடும். வெறும் மண்ணை மட்டும் போட்டா தொட்டிக்குள்ளே இறுகிச் செங்கல் ஆயிடும்.

விதைப்பு? அரை சென்டிமீட்டர் ஆழம் போதும். மேலே ஈரம் காயாம மூடி வைங்க. அஞ்சுலேர்ந்து எட்டு நாளுக்குள்ளே முளைக்கும். முளைச்ச அன்னிக்கே மூடியைக் கழட்டி வெளிச்சத்துக்குக் கொண்டு வாங்க. இல்லேன்னா செடி வெளிச்சத்தைத் தேடி ஒல்லியா நீளும். முதல்ல வர்ற ரெண்டும் வித்திலை, ப்ளஸ் டூ பாட்டனியில படிச்சோமே அதுதான். அதுக்கப்புறம் ஓரம் வெட்டின மாதிரி நிஜ இலை நாலு வந்ததும் தொட்டிக்கு மாத்துங்க. தண்டு நீண்டிருந்தா வித்திலை வரைக்கும் மண்ணுக்குள்ளே புதைங்க. தக்காளித் தண்டுக்கு ஒரு நல்ல குணம்... புதைச்ச இடத்துல எல்லாம் வேர் விடும். ஒரு தொட்டிக்கு ஒரே செடி, ஆசைப்படாதீங்க!

தண்ணி? விரலை ஒரு அங்குலம் மண்ணுக்குள்ளே விட்டுப் பாருங்க. ஈரம் ஒட்டினா விட்டுடுங்க. காய்ஞ்சிருந்தா அடியில வழியற வரைக்கும் ஊத்துங்க, இலை மேல படாம. என் நாத்தைக் கொன்னது நாற்றழுகல். அது தண்ணி இல்லாம வர்றதில்லை, தண்ணி அதிகமாகி வர்றது. அதே மாதிரி நாலு நாள் காயப் போட்டு அஞ்சாம் நாள் குடம் குடமா ஊத்தினா, காயோட அடிப்பக்கம் கறுத்து அமுங்கும். ஏன்னா மண்ணுல கால்சியம் இருந்தாலும், தண்ணி சீரா போனாத்தான் அது காய்க்குப் போய்ச் சேரும். படிப்புல வேணா 'நைட் அவுட்' போட்டுத் தப்பிக்கலாம். செடிகிட்ட அந்த ஜம்பம் பலிக்காது!

வெயில்? ஆறு மணி நேரமாவது நேரா படணும். உரம்? ரெண்டு வாரத்துக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம். சத்து ஓவரானா இலை மட்டும் கொழுகொழுன்னு வளரும், பூ வராது. பக்கக் கிளையைக் கிள்ளாதீங்க, குட்டை ரகத்துக்குக் காயே அதுலதான். இலைக்கு அடியில வெள்ளை ஈ உட்கார்ந்திருக்கான்னு தினமும் திருப்பிப் பாருங்க. இலைச்சுருள் வைரஸைக் கொண்டு வர்ற வில்லன் அதுதான். ஒரு லிட்டர் தண்ணியில அஞ்சு மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளிங்க.

பூ வந்தாச்சா? தக்காளிப் பூவுக்கு ஜோடி தேட வேண்டியதில்லை. ஆணும் பெண்ணும் ஒரே பூவுக்குள்ளே. தோட்டத்துல காத்தும் வண்டும் அதை ஆட்டி மகரந்தத்தை உதிர்க்கும். ஜன்னலுக்குள்ளே அந்த வேலை உங்களுது. காலையில வெயில் ஏறினதும் பூக்காம்பை விரலால லேசா சுண்டுங்க. செல்லை வைப்ரேஷன்ல போட்டுக் காம்புல தொட்டாலும் ஓகே. விண்வெளியிலயும் மகரந்தச் சேர்க்கை கைவேலைதான்!

இவ்வளவும் கத்துக்கிட்டு ரெண்டாவது தடவை விதைச்சேன். ஒரே ஒரு மைக்ரோ டாம் நல்லா வந்தது. இலையைத் தொட்டா விரல்ல பச்சை மஞ்சளா ஒரு கறை, ஒரு வாசனை... க்ளாஸ்ல உட்கார்ந்து மோந்து பார்த்துட்டே இருப்பேன். சரியா பொங்கல் லீவுக்கு முன்னாடி நாள் முதல் பூ. 'அஞ்சு நாள் தண்ணி இல்லாம இது எங்கே பிழைக்கப் போகுது'ன்னு நினைச்சுக்கிட்டே ஊருக்கு பஸ் ஏறினேன். திரும்பி வந்து ரூமுக்கு ஓடினா செடியைக் காணோம்! பதறிப் போய்க் கீழே வந்தா, வாட்ச்மேன் அண்ணன் சேர் பக்கத்துல, வெயில் விழற திண்ணையில ராஜா மாதிரி நிக்குது. வார்டன்கிட்ட சாவி கேட்டு எடுத்துட்டு வந்திருக்கார். குண்டூசித் தலை அளவுல மூணு பிஞ்சு வேற!

மூணு தடவையா பறிச்சேன். ஒவ்வொரு தடவையும் கெமிஸ்ட்ரி லேப் தராசுல எடை (கவர்ல போட்டுத்தான், பயப்படாதீங்க!). மொத்தம் 34 பழம். 150 கிராம். அன்னிக்கு மார்க்கெட்ல கிலோ 30 ரூபாய். அதாவது நாலரை ரூபாய்!

இதை ஜோக்கா சொல்லிக்கிட்டே நாலு பழத்தை வாட்ச்மேன் அண்ணன் கையில வெச்சேன். அவர் சிரிக்கலை. ஒண்ணை எடுத்துக் காம்பை மோந்து பார்த்தார்.

"ரெண்டு ஏக்கரா போட்டிருந்தேன் கண்ணு. காய் நல்லாத்தான் புடிச்சுது. வெலை ரெண்டு ரூவாய்க்கு எறங்கிருச்சு. பறிக்கற கூலிக்கே கட்டலை. ஆட்டை உள்ள உட்டு மேய்ச்சுட்டு இங்க வந்துட்டேன்."

நான் பேசாம நின்னேன். 34 பழத்துக்கு நான் நோட்டுல தேதி போட்டுக் கணக்கு வெச்சிருக்கேன். இவர் ரெண்டு ஏக்கரை ஆட்டுக்கு விட்டிருக்கார்.

பழுத்த தக்காளி காத்திருக்காது, ஃப்ரெண்ட்ஸ். நெல்லு மாதிரி மூட்டை கட்டி விலை ஏறட்டும்னு வெச்சுக்க முடியாது. எல்லார் காட்டிலும் ஒரே நேரத்துல பழுத்தா, சந்தை சொல்ற விலைதான் விலை. 2023 ஜூலையில கிலோ 100 ரூபாயைத் தாண்டினப்போ நாமெல்லாம் மீம் போட்டோம். தமிழக அரசு ரேஷன் கடையில கிலோ 60 ரூபாய்க்கு வித்தது. அதே தக்காளி ரெண்டு ரூபாய்க்கு விழும்போது யாரும் மீம் போடறதில்லை. ஏன்னா அப்போ வலி நம்ம பக்கம் இல்லை.

ஒரு டப்பாவில ஒரு செடி வளர்த்தா விவசாயி பிரச்னை தீர்ந்துடுமா? தீராது. ஆனா மெஸ் தட்டுல சாம்பார்த் தக்காளியை ஓரமா ஒதுக்கும்போது கை ஒரு செகண்ட் நிக்கும். எனக்கு இன்னிக்கும் நிக்குது. விலை உயர்ந்தாலும் விழுந்தாலும் செய்தியை முழுசா படிக்கத் தோணும். நாலரை ரூபாய்க்கு இதுக்கு மேல என்ன வேணும்?

அதனால, இந்த டிசம்பர்ல ஒரு பக்கெட் பிரியாணி சாப்பிடுங்க. பக்கெட்டைத் தூக்கிப் போடாதீங்க. அப்புறம் ஒரே ஒரு கண்டிஷன்... முதல் பழத்தை நீங்க சாப்பிடக் கூடாது. நீங்க ஊர்ல இல்லாதப்போ அதுக்கு யார் தண்ணி ஊத்தினாங்களோ, அவங்களுக்குத்தான் அது!

என்ன, டீலா? அடுத்த வாரம் சந்திப்போம்!